கவிழ்க்காத சருவம்

வறுவேல் அந்தச் சருவத்தை என் மேசைமேல் வைத்தபோது அதில் மூன்று லிட்டருக்கும் குறைவாகத்தான் தண்ணீர் இருந்தது. அலுமினியச் சருவம், வெந்நீர் வைக்கிற அகன்ற பாத்திரம். வாயைச் சுற்றி ஈரத் துவர்த்துத் துண்டு ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தார். கடற்கரையிலிருந்து நாகர்கோவில் வடசேரி வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். சட்டையின் முன்பக்கம் முழுக்க அடுப்புக்கரி. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை மேடம் என்று அதைத்தான் முதலில் சொன்னார்.

துவர்த்தை அவிழ்த்து உள்ளே பார்த்தேன். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஆரம்பித்து ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வெள்ளை வளையங்கள். தண்ணீர் ஏறி ஏறி இறங்கிய தடம். கருவியில் வைத்துப் பார்க்கும் முன்னாலேயே விடை தெரிந்துவிட்டது.

இதை எத்தனை நாளாக அடுப்பில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பிள்ள பொறந்ததுல இருந்து எறக்கல்ல மேடம். கொறைய கொறைய ஊத்துவேன்."

அவருடைய ஒன்றரை மாதப் பெண் குழந்தை அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். உதடும் நகமும் நீலம் பாய்ந்து கிடந்தாள்.

போன வாரம் எங்கள் ஆய்வகத்தின் கண்ணாடிச் சாமான்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருந்தார்: முப்பது வருஷத்துக்கு மேல் தண்ணீரைச் சோதித்திருக்கிறீர்கள், ஒரு தப்புகூடச் செய்ததில்லையா என்று. கேலியாகக் கேட்டாரோ நிஜமாகவே கேட்டாரோ தெரியாது. அந்தச் சருவத்தைப் பற்றி எழுதாமல் இந்தத் தொடரை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டுவிட்டார். சொல்லிவிடுகிறேன்.

பத்து லட்சத்தில் ஒன்று

நான் வேலை பார்த்தது நாகர்கோவிலில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், பள்ளிக்கூடத் தொட்டித் தண்ணீர் எல்லாம் பாட்டிலில் வரும். அதில் என்னென்ன எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

எவ்வளவு என்பதற்கு எங்கள் அளவு பிபிஎம். பெயரைக் கேட்டதுமே பலர் முழிப்பார்கள். அப்படி முழிப்பவர்களைக் கண்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இதில் ஒரு வித்தையும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பத்து லட்சம் மில்லிகிராம் எடை. அதில் ஒரு மில்லிகிராம் ஏதோ ஒன்று கரைந்திருந்தால் ஒரு பிபிஎம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கரைந்திருப்பதன் எடையைத் தண்ணீரின் அளவால் வகுத்தால் வந்துவிடும்.

ஒரே ஒரு இடத்தில்தான் கால் வழுக்கும். எங்கள் கருவி நைட்ரேட்டைப் பத்து பிபிஎம் வரைக்கும்தான் ஒழுங்காகக் காட்டும். கிணற்றில் அதற்கு மேல் இருந்தால் பத்து மில்லி எடுத்து, நல்ல தண்ணீர் விட்டு நூறு மில்லியாக்கி, அதை அளந்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். பெருக்க மறந்தால் போச்சு. கல்லூரியில் ஒரு தடவை மறந்தபோது பேராசிரியர் என் செய்முறை நோட்டை ஜன்னல் வழியாக வெளியே வீசினார். மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துச் சகதியில் இறங்கி எடுத்து வந்தேன். அதற்குப் பிறகு நான் பெருக்க மறந்ததே கிடையாது.

அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு. என் எண்ணைச் சந்தேகப்பட்டு யாராவது கேட்டால் நோட்டைத் தூக்கி முன்னால் போட்டுவிடுவேன். மூன்று தடவை அளந்ததும் அதில் இருக்கும்.

முதல் நாள்

சருவம் வருவதற்குப் பதினாறு நாள் முன்னால் வறுவேல் முதல் தடவை வந்தார். மேற்கே, இனயத்துக்கு அந்தப்புறம் ஒரு கடற்கரை ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் இடம். கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் பத்தடி மணல் இருந்தால் பெரிய விஷயம். அப்படிப்பட்ட கிணறுகளில் நைட்ரேட் ஏறத்தான் செய்யும்.

வயது முப்பது இருக்கும். வளைகுடாவில் மீன்பிடிப் படகில் இருந்தவர். மனைவி ஷைனியின் பேற்றுக்காக ஊருக்கு வந்தார். பெண் குழந்தை பிறந்தது. அபிஷா என்று பேரிட்டார்கள். ஒன்பதாம் நாள் ஷைனி காய்ச்சல் கண்டு இறந்துபோனாள்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது வரிசையில் நின்ற ஓர் ஆள், கையில் பாட்டில், படிவத்தில் "குழந்தைக்குப் பால்பொடி கலக்க" என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். ஊர் நர்ஸ் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதுவரை கடையில் கேன் தண்ணீர் வாங்கித்தான் கலக்கியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து முடிவு வாங்க வந்தார். நைட்ரேட் நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து வரை இருக்கலாம் என்பது விதி. கரையோரம்தான், ஆனால் உள்ளே. "குடிக்கத் தகுந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் தாளை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். கருவியின் விளக்கு வேறு காலையிலிருந்து மின்னி மின்னி உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. இன்னும் என்ன என்பது போலத் தலையைத் தூக்காமலே உறுமினேன்.

"வெள்ளத்த நல்லா காய்ச்சிக் குடுத்தா பிள்ளைக்குக் கேடு ஒண்ணும் வராதுல்லியா மேடம்?"

அவர்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்பார்கள். நான் அடுத்த பாட்டிலின் மூடியில் எண்ணை எழுதிக்கொண்டே பதில் சொன்னேன்.

"எவ்வளவு காய்ச்சுறீங்களோ அவ்வளவு நல்லது."

இதுதான் நான் சொன்னது. ஊரில் எல்லோரும் சொல்வதுதான். கிருமிக்கு அது சரி. நைட்ரேட்டுக்குச் சரியில்லை. கொதித்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும். நைட்ரேட் போகாது, அப்படியே கிடக்கும். எடை அதேதான், வகுக்கும் தண்ணீர் குறைகிறது, பிபிஎம் ஏறுகிறது. வகுத்தல் கற்ற பிள்ளை சொல்லிவிடும்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே கேன் தண்ணீரை நிறுத்திவிட்டார். என் தாளைப் பிளாஸ்டிக் உறை ஒட்டி அடுக்களைச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

உப்பளத்துக்காரன் மகள்

இதில் என்னை ரொம்பக் குத்துவது ஒன்று உண்டு. என் அப்பா நாகர்கோவிலுக்குத் தெற்கே புத்தளம் பக்கம் உப்பளத்தில் மேஸ்திரி.

பாத்தியில் தண்ணீரைக் கட்டி வெயிலில் விடுவார்கள். குறைந்தால் மேலே விடுவார்கள். மறுபடியும் குறையும், மறுபடியும் விடுவார்கள். அப்பா கையில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார். கடலில் எடுத்த தண்ணீர் மூன்று காட்டும். இருபத்தைந்துக்கு வந்தால் அடியில் உப்பு விழ ஆரம்பிக்கும். வேலையாட்கள் அவசரப்பட்டால் அவர் சொல்வார்: தண்ணிதாம்ல போவும், உப்பு எங்க போவும், பொறு.

பள்ளிக்கூடம் விட்டு அவருக்குச் சோறு கொண்டுபோவேன். வரப்பில் நிற்கும்போது பாத்தி ஓரத்தில் தண்ணீர் இறங்கிய வெள்ளைத் தடங்கள் தெரியும். அந்த இடத்தைப் பற்றி இனிமையாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் குதிகால் வெடிப்பில் உப்புப் புகுந்து, ராத்திரி படுக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். நான் படித்தது அந்தச் சவம் பிடித்த உப்பளத்தைவிட்டு ஓடுவதற்காகத்தான்.

ஆனால் கற்றது அங்கேதான். பிபிஎம் என்ற சொல்லைக் கேட்பதற்கு எட்டு வருஷம் முன்னாலேயே அது எனக்குத் தெரியும். தெரிந்தவள்தான் அந்த மனிதரிடம் அப்படிச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன்

பதினைந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குழந்தை மருத்துவர் கூப்பிட்டார். சின்ன வயதுக் குரல். ஒரு பச்சைக்குழந்தை நீலம் பாய்ந்து வந்திருக்கிறது, ஊசியில் எடுத்த ரத்தம் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இருக்கிறது, அப்பா கையில் உங்கள் தாள் இருக்கிறது, நைட்ரேட் நாற்பத்திரண்டு என்று போட்டிருக்கிறீர்களே, நிச்சயமா என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று தடவை பார்த்தது, நோட்டு இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. நைட்ரேட் அதிகம் போனால் பச்சைப்பிள்ளையின் ரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்காது, அறிகுறி அதேதான், அதனால்தான் கேட்டேன் என்றார். பெரியவர்களை ஒன்றும் செய்யாத அளவு பிள்ளையைக் கொன்றுவிடும் என்று நானும் படித்திருக்கிறேன். அவரே பிறகு, கிணற்றை விடுங்கள், வீட்டில் குழந்தைக்குக் கொடுத்த தண்ணீரையே அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

மறுநாள் சருவம் வந்தது.

வறுவேலை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கேட்டேன். அவருடைய வீட்டுப் பக்கம் ஒரு வழக்கம். பேறு நடந்த வீட்டில் வெந்நீர்ச் சருவத்தை நாற்பது நாளைக்குக் கவிழ்க்கக் கூடாது. அடி தெரிய விடக் கூடாது. தாய்க்கும் பிள்ளைக்கும் எந்நேரமும் சூடு வெள்ளம் வேண்டும் என்பதற்காக யாரோ ஏற்படுத்தியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு அதில் முதல் குடம் ஊற்றியது ஷைனிதான்.

"அவ ஊத்தி வச்ச வெள்ளம் மேடம். கவுத்த மனசு வரல்ல. நாப்பது கழிஞ்ச பொறவும் வரல்ல."

தேங்காய்ச் சிரட்டையும் மட்டையும் போட்டு நாள் முழுக்க எரியவிட்டிருக்கிறார். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வதற்காகக் கடலுக்கே போகவில்லை. காலையில் விளிம்புவரை ஊற்றுவார், சாயங்காலத்துக்குள் சுண்டிவிடும், மறுபடி ஊற்றுவார். ஒரு நாளைக்கு நாலு லிட்டர். கேன் தண்ணீரை நிறுத்தும்வரை அதை எடுத்துப் பிள்ளையைக் குளிப்பாட்டியிருக்கிறார், அதற்குப் பிறகு பால் கலக்க மட்டும்.

நான் பத்து மடங்காக நீர்க்கச் செய்து வைத்தேன். கருவி அளவைத் தாண்டி நின்றது. ஒரு மில்லி எடுத்து நூறாக்கினேன். மூன்று புள்ளி ஒன்று. நூறால் பெருக்கினால் முந்நூற்றுப் பத்து.

தாளை எடுத்து வேறு வழியாகவும் போட்டுப் பார்த்தேன். நாலு லிட்டர், லிட்டருக்கு நாற்பத்திரண்டு மில்லிகிராம். தினமும் நூற்று அறுபத்தெட்டு மில்லிகிராம் உள்ளே போகிறது. பிள்ளை குடிப்பது முக்கால் லிட்டர்கூட இல்லை. மீதித் தண்ணீரெல்லாம் ஆவி. வெளியே போக வழியில்லாத நைட்ரேட் முழுக்கச் சருவத்துக்குள்ளேயே சேர்ந்துகொண்டிருந்தது. உள்ளே தெரிந்த வெள்ளை வளையம் சுண்ணாம்பு. அது கெடுதல் இல்லை. கெடுதலானது கண்ணுக்கே தெரியவில்லை.

கடைசி எண்ணை இரண்டு தடவை அடித்து எழுதினேன். டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் ஏற்கெனவே மருந்தை ஆரம்பித்திருந்தார். நீலம் பாய்ந்த பிள்ளைக்கு நீல நிறத்தில்தான் மருந்து, நரம்பில் ஏற்றுவார்கள். சாயங்காலம் உதடு சிவந்துவிட்டது என்று தகவல் வந்தது. கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பொய் இல்லாத அறிக்கை

ஆஸ்பத்திரியில் முடிவை எழுத்தில் கேட்டிருந்தார்கள். எழுதினேன். கிணற்று நீர் நாற்பத்திரண்டு, சருவத்து நீர் முந்நூற்றுப் பத்து, காரணம் வீட்டில் தொடர்ந்து சுண்டக் காய்ச்சியது. ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் அதைப் படிப்பவர்களுக்கு வறுவேல் ஒரு முட்டாள், நாங்கள் சுத்தம் என்று படும்.

எங்கள் அலுவலரிடம் நான் சொன்ன சொல்லைச் சொன்னேன். அவர் கெட்டவரில்லை. கதவைச் சாத்திவிட்டு, நம்ம ரிப்போர்ட் சரியாக இருக்கிறது, வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை, நீங்கள் ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருக்கிறது, பேசாமல் இருங்கள் என்றார். நானும் பேசாமல் இருந்தேன். பயம்தான். அதற்கு வேறு பேர் சொல்ல மாட்டேன்.

நாலு நாள் கழித்து வறுவேல் சருவத்தைத் திரும்ப வாங்க வந்தார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்றேன். நல்லா இருக்கா, இரணியல்ல இருக்கா என்றார். எனக்குப் புரியவில்லை.

ஷைனியின் அண்ணன் மிக்கேலும் அவர் மனைவி லீமாவும் இரணியலில் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பிள்ளையை அங்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் தங்கச்சிதான் போனாள், அவள் பிள்ளையையும் வெள்ளத்தில் வெசம் வைத்துக் கொல்லவா விடுவேன் என்று மிக்கேல் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் கேட்கச் சொல்லியிருக்கிறார். ஊரிலும் அந்தப் பேச்சுதான். இனி அவளாக நடந்து போகிற வயதில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு சொல்லிவிட்டார்களாம்.

"நான் செய்தது தப்புதான மேடம். என்னத்தச் சொல்லிக் கேப்பேன்?"

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சருவத்தைக் கழுவித்தான் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவர் உள்ளே பார்த்தார். அடி தெரிந்தது. கமுக்கட்டில் இடுக்கிக்கொண்டு போனார்.

ரசம்

இரண்டு ஞாயிற்றுக்கிழமை கழிந்தது. இரண்டாவது ஞாயிறு கோயிலுக்குப் போய் வந்து, அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது, பேசினேன், மறந்துவிட்டேன். போய்ப் பார்த்தால் ரசம் பாதிக்குப் பாதி. நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது. எந்தப் பொம்பளையும் செய்வது போல அரை டம்ளர் தண்ணீரை எடுத்தேன் ஊற்றுவதற்கு.

டம்ளரோடு அப்படியே நின்றேன். சாப்பிடாமல் சேலையை மாற்றிக்கொண்டு வடசேரிக்குப் போய் இரணியல் பஸ் ஏறினேன்.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. மிக்கேல் மரப்பட்டறை வைத்திருப்பவர், ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் வீடு. கதவைத் திறந்தவருக்கு நான் யாரென்று சொன்னதும் உட்காரச் சொன்னார். படித்தவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை. பிள்ளை உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். லீமா சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களை வாசலில் நின்றாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். எல்லாம் மறந்துபோயிற்று. நோட்டை எடுத்து மில்லிகிராம், லிட்டர், பிபிஎம் என்று ஆரம்பித்தேன். எடையை அளவால் வகுத்தால் என்று ஏதோ எழுதிக் காட்டினேன். மிக்கேல் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் எதற்கு இங்கே வந்து சொல்லுகிறீர்கள் என்றார்.

வாசலில் நின்ற லீமாதான் பேசினாள்.

"கொழம்பு வத்துனா உப்பு கூடும்லா. அதத்தான் சொல்லுதியளா?"

ஆமாம் என்றேன். அதேதான் என்றேன்.

"இது எங்களுக்கே தெரியுமே. உங்களுக்குத் தெரியாமலா போச்சு?"

அவள் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். வாழ்க்கையில் யார் என்னை என்ன திட்டியும் அப்படித் தலை குனிந்ததில்லை.

நடந்ததைச் சொன்னேன். அந்த மனிதர் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. என்னிடம் வந்து கேட்டார். காய்ச்சலாமா என்று கேட்டார். எவ்வளவு காய்ச்சுகிறீர்களோ அவ்வளவு நல்லது என்று நான்தான் சொன்னேன். முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னேன். அவர் நான் சொன்னதைத்தான் செய்தார். ஒரு நிமிஷம் கூடுதலாக ஒதுக்கி, எப்படிக் காய்ச்சுவீர்கள் என்று கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

மிக்கேல் எழுந்துவிட்டார். எனக்கு அடி விழுமோ என்றுகூடத் தோன்றியது. விழுந்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். வறுவேல் எங்களிடம் இதைச் சொல்லவில்லையே என்றார். யார் சொல்லி இப்படிச் செய்தாய் என்று ஆஸ்பத்திரியில் அத்தனை தடவை கேட்டோம், நானாகத்தான் செய்தேன் என்றான் என்றார்.

எனக்கு அது புதுச் செய்தி. அவர் மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எழுதித் தருவியளா?" என்றார் மிக்கேல். "இங்க வாயால சொல்லிட்டுப் போயிருவிய. நாளைக்கு ஊர்ல ஆரு நம்புவா?"

லீமா ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். எழுதினேன். என் பெயர், என் பதவி, பிறகு இவ்வளவு: "குழந்தைக்குத் தண்ணீரைக் காய்ச்சலாமா என்று வறுவேல் என்னிடம் கேட்டார். எவ்வளவு காய்ச்சுகிறீர்களோ அவ்வளவு நல்லது என்று சொன்னேன். அது தவறு. அந்தத் தவறு அவருடையதல்ல, என்னுடையது." கையெழுத்துப் போட்டேன். அதுவரை எத்தனையோ ஆயிரம் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு எண்கூட இல்லாமல் நான் கையெழுத்துப் போட்டது அது ஒன்றுதான்.

புறப்படும்போது பிள்ளை விழித்துவிட்டாள். பார்க்கட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

தாள் திரும்பி வந்தது

திங்கட்கிழமை அலுவலரிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது, பதில் எழுதினேன், எச்சரிக்கை ஒன்று என் கோப்பில் ஏறியது. அதோடு விட்டார்கள். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

பயன் இல்லாமல் ஒன்று நடந்தது. எல்லாத் தாளிலும் கடைசியில் "கொதிக்க வைத்தால் நைட்ரேட் குறையாது, கூடும்" என்று நான் கையால் எழுத ஆரம்பித்தேன். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள். ஓரத்தில் எழுதினேன். பயன் இல்லாமல் என்றேன், தெரியாது. யாருக்காவது பயன்பட்டிருக்கலாம்.

வீடுகளில் குடில் கட்டி, வாசலில் காகித நட்சத்திரம் தொங்கவிடும் நாட்களில் வறுவேல் வந்தார். தோளில் அபிஷா. நான் முதலில் பார்த்தது அவளுடைய உதட்டை. பிறகு நகத்தை. சிவப்பாக இருந்தது. கை நீட்டினேன், அவள் வரவில்லை. அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

மிக்கேல் அந்தத் தாளை ஊர்ப் பங்குச் சாமியாரிடம் கொண்டு காட்டியிருக்கிறார். சாமியார் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். பிள்ளையை உடனே ஒன்றும் தரவில்லை. முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்க்கலாம் என்றார்கள். பிறகு லீமா கூடவே வந்து ஒரு வாரம் வறுவேல் வீட்டில் தங்கி, இவர் பால் கலக்குவதைப் பார்த்திருக்கிறாள். போகும்போது பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள்.

வறுவேல் சட்டைப்பையிலிருந்து நான் எழுதிய தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். நாலாக மடித்திருந்தது.

"இது இனி எங்ககிட்ட வேண்டாம் மேடம். எவன் கையிலயாவது கெடச்சா உங்களுக்குத்தான் கேடு."

ஆஸ்பத்திரியில் ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றினார்.

"சொல்லிட்டா மட்டும் அவ ஊத்தின வெள்ளத்த கவுக்காம வச்சிருந்தது நான் இல்லன்னு ஆயிருமா? அதுவும் உண்டுமே." பிறகு சொன்னார்: "உங்க மேல கோவம் இருந்திச்சு. இல்லன்னு சொல்லப்பிடாது. இப்பவும் கொஞ்சம் உண்டு."

இருக்கட்டும் என்றேன்.

அவர் கொண்டுவந்த துணிப்பையில் ஒரு பாட்டில் இருந்தது. ஊரில் புதிதாகக் குழாய் போட்டிருக்கிறார்கள், அந்தத் தண்ணீர். படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். "குழந்தைக்கு" என்று எழுதினார். எழுதிவிட்டு நின்றார். பின்னால் வழக்கம்போல ஆட்கள் நின்றார்கள். அவருக்குக் கேட்க ஏதோ இருந்தது, கேட்கவும் தயக்கம் இருந்தது.

நான் பேனாவை மூடி வைத்தேன். மேசையைச் சுற்றி வெளியே வந்து, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கேளுங்க வறுவேல்," என்றேன். "எத்தனை வேணும்னாலும் கேளுங்க."